கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியும் திருவண்ணாமலையும்: அலையெல்லை வழி ஒரு காலப்பகுப்பு

ஆய்வுச் சுருக்கம்
தமிழகத் தொலைக்காட்சி வரலாறு பெரும்பாலும் ஒளிபரப்பு நிலையத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அலையைப் பெற்ற பெட்டியையும் வானலை வாங்கியையும் மையப்படுத்தினால், சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களுக்குப் பிறிதொரு காலப்பகுப்பு தேவைப்படுவதை இக்கட்டுரை திருவண்ணாமலையை முன்னிறுத்தி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சி, தூர்தர்ஷன், ஆண்டெனா, அலையெல்லை.

முன்னுரை
இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. இவ்வாண்டையே தமிழகம் முழுமைக்குமான தொடக்கமாகக் கொள்வது பாடநூல்களின் வழக்கம். ஆனால் அது ஒரு நகரின் தொடக்க ஆண்டே ஆகும்.

பெட்டியும் தர அளவும்
பெட்டி என்பது ஒரு நாட்டின் ஒளிபரப்புத் தரத்தோடு பிணைந்த பொருள். சோவியத் ஒன்றியம் போருக்குப் பின் 625 வரித் தரத்தை ஏற்றது. 1949இல் வெளிவந்த கேவிஎன்-49 பெட்டி அத்தரத்தில் இயங்கியது. அதன் திரை ஏறத்தாழ 18 செ.மீ. அளவே உடையது, நீர் நிரப்பிய வில்லையைத் திரையின் முன் வைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தனர். இந்தியாவும் 625 வரிகளையே ஏற்றது. ஆயினும் படத்திற்கும் ஒலிக்கும் இடையிலான அலைவரிசை இடைவெளி சோவியத் முறையில் 6.5 மெகாஹெர்ட்ஸ், இந்திய முறையில் 5.5 மெகாஹெர்ட்ஸ். எனவே மாற்றியமைக்கப்படாத சோவியத் பெட்டி இங்குப் படம் காட்டினாலும் பேசாது. உள்நாட்டு உற்பத்தியின் தேவைக்கு இத்தகைய தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஐதராபாத்தின் இசிஐஎல் நிறுவனமும், சென்னையின் டயனோரா, சாலிடேர் நிறுவனங்களும் தமிழ் வீடுகளுக்குப் பெட்டிகளை அளித்தன.

அலையெல்லைக்கு அப்பால்
சென்னையிலிருந்து திருவண்ணாமலை சாலைவழி ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவிலுள்ளது. தொலைக்காட்சிக்குரிய மீயுயர் அலைகள் பெரிதும் நேர்க்கோட்டில் செல்வன. சமதளத்தில் 200 மீட்டர் உயரக் கோபுரத்தின் அலை, 10 மீட்டர் உயர ஆண்டெனாவை ஏறத்தாழ 70 கி.மீ. வரையே நேராக எட்டும் எனக் கணக்கிடலாம். அதற்கு அப்பால் கிடைப்பது வளிமண்டலம் வளைத்துத் தரும் நலிந்த அலையே. உயர்ந்த கம்பமும், பல கம்பிகள் கொண்ட யாகி ஆண்டெனாவும், பூஸ்டரும் இத்தகைய ஊர்களில் பெட்டியின் உறுப்புகளாகவே ஆனதன் காரணம் இதுவே. மலையின் மேற்கு அடிவாரத்துச் சிற்றூர்களுக்கோ கிழக்கு நோக்கிய பார்வையை 814 மீட்டர் மலையே மறைத்தது.

1984இல் நடுவணரசு நாளொன்றுக்கு ஒன்று என்னும் வேகத்தில் குறைந்த திறன் ஒளிபரப்பிகளை நிறுவியது. இவை இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழி தில்லி நிகழ்ச்சிகளை வாங்கி அஞ்சல் செய்தன. இதன் விளைவு கருதத்தக்கது: அருகில் ஒளிபரப்பி அமைந்த ஊருக்குத் தெளிவாகக் கிடைத்தது இந்தி, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு தமிழ்ப் படம் ஆகியவை சென்னை அலையிலேயே இருந்தன. ஆகவே தெளிவுக்கும் தாய்மொழிக்கும் இடையே பார்வையாளர் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. ஆண்டெனாவின் திசை மொழியின் திசையாகவும் அமைந்தது.

காலப்பகுப்பு
இவற்றைக் கொண்டு அலையெல்லைக்கு அப்பாலான ஊர்களின் வரலாற்றை மூன்றாகப் பகுக்கலாம்: நலிந்த அலையைத் தேடிய காலம், தில்லி அஞ்சலும் சென்னை அலையும் போட்டியிட்ட காலம், 1990களில் கேபிள் இணைப்பு ஆண்டெனாவைத் தேவையற்றதாக்கிய காலம். வண்ண ஒளிபரப்பு 1982இலேயே வந்தபோதிலும் விலை காரணமாகக் கறுப்பு-வெள்ளைப் பெட்டி நெடுங்காலம் நீடித்தது. 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அதன் எஞ்சிய பயன்பாட்டையும் சுருக்கியது.

முடிவுரை
ஒளிபரப்பு தொடங்கிய நாளும் ஓர் ஊர் அதைக் கண்ட நாளும் ஒன்றல்ல. இரண்டாவதை அறியச் சான்றாவன அஞ்சலகம் வழங்கிய உரிமப் புத்தகங்கள், விற்பனை ரசீதுகள், பழுதுபார்ப்போரின் நினைவுகள், மரச்சட்டப் பெட்டிகள் ஆகியவையே. உரிமமுறை 1980களின் நடுவில் நீங்கியதால் அப்புத்தகங்கள் பயனற்றவையாயின. பெட்டிகள் பழைய இரும்புக் கடைகளுக்குச் செல்கின்றன. இவற்றை ஊர்வாரியாகத் தொகுக்கும் களப்பணியைக் கல்லூரி வரலாற்றுத் துறைகள் மேற்கொண்டால் மட்டுமே தமிழகத் தொலைக்காட்சி வரலாறு தலைநகர வரலாறாகச் சுருங்காதிருக்கும்.