முடிக்கட்டிக்கு ஒரு சிறு வாசல்

விழுங்கிய தலைமுடி செரிப்பதில்லை. வயிற்று அமிலத்தாலும் நொதிகளாலும் அதிலுள்ள கெராட்டினைக் கரைக்க முடியாது. வழுக்கும் இழைகள் இரைப்பையின் மடிப்புகளில் தங்கி, பின்னிப் பின்னி முடிக்கட்டியாக வளர்ந்து, கடைசியில் இரைப்பையின் வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் வளரிளம் பெண்களுக்குத்தான் இது வருகிறது.

1779-இல் பிரெஞ்சு மருத்துவர் போதாமான் இதை முதலில் பதிவு செய்தார். 1883-இல் ஜெர்மானியரான ஷோன்போர்ன் வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றினார். நூறாண்டுக்கு மேல் பெரும்பாலும் அதுவே வழி: மேல்வயிற்றில் நீளக் கீறல், ஆயுளுக்கும் தழும்பு.

இதற்கிடையே 1901-இல் மருத்துவர் ஜார்ஜ் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, குழாய்வழியே உள்ளே பார்த்தார். லேப்ராஸ்கோபியின் தொடக்கம் அதுதான். 1980-இல் மருத்துவர் குர்ட் செம் அந்த முறையில் குடல்வாலை அகற்றியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1985-இல் மருத்துவர் எரிக் மூஹே அதே முறையில் பித்தப்பையை அகற்றினார்.

முடிக்கட்டி அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. துளை போட்டு உள்ளே போய்விடலாம். அழுகிய உணவும் கிருமியும் ஊறிய பெரிய கட்டியை எப்படி வெளியே கொண்டுவருவது? வயிற்றறைக்குள் சிந்தினால் சீழ் பிடித்துவிடும்.

1998-இல் ஜப்பானின் நிரசாவா குழு இதை லேப்ராஸ்கோபியில் செய்து காட்டியது. பின்வந்தவர்கள் முறையைச் செப்பனிட்டார்கள். இரைப்பையின் முன்சுவரைக் கீறி, கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் இறக்கி, பையின் வாயை இறுக்கி, அடிவயிற்றில் ஆடை மறைக்கும் இடத்தில் சிறு கீறல் வழியே எடுக்கிறார்கள். சிலர் இரைப்பையையே சிறு கீறலுக்கு இழுத்து, கட்டியைத் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். 2007-இல் கோயம்புத்தூரில் மருத்துவர் பழனிவேலு குழுவினர், இரைப்பையோடு சிறுகுடலிலும் கிடந்த கட்டிகளை லேப்ராஸ்கோபியின் துணையோடு அகற்றியதைப் பதிவு செய்தார்கள். கட்டியின் வால் குடலுக்குள் நெடுந்தூரம் இறங்கியிருந்தால், இன்றும் வயிற்றைத் திறப்பதே பாதுகாப்பு.

தழும்பு சிறிதாவது ஒரு சிறுமிக்குப் பெரிய விஷயம். ஆனால் முடியைப் பிடுங்கித் தின்னத் தூண்டிய மனவேதனையைக் கத்தி தொடுவதில்லை. மனநல சிகிச்சை கிடைக்காவிட்டால் கட்டி மீண்டும் வரலாம். பிள்ளையின் தலையில் சொட்டை தெரிந்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.