தேறிய தேன்: கலப்படச் சோதனையில் நிறமாலைமானிகளின் எல்லை

ஆய்வகச் சான்றிதழில் 'தேறியது' என்றிருந்தால் அந்தத் தேன் தூய்மையானது என்று வாங்குபவர் நினைக்கிறார். விற்பனையை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கின்றன. சான்றிதழ் அவ்வளவு பெரிய உறுதியைத் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கருவியின் துல்லியத்தில் குறை காண்பது நோக்கமன்று. கருவியின் முன் வைக்கப்பட்ட கேள்வி குறுகியது. அந்த விடையை அகன்ற கேள்வி ஒன்றுக்கான விடையாக நாம் வாசிக்கிறோம்.

1970களில் பிரக்டோஸ் மிகுந்த மக்காச்சோளப் பாகு சந்தையில் பரவியது. தேனைப் போலவே அதிலும் குளுக்கோஸும் பிரக்டோஸும்தான் முதன்மைச் சர்க்கரைகள் என்பதால் வழக்கமான வேதிச் சோதனைகள் தடுமாறின. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஜொனாதன் ஒயிட்டும் லேண்டிஸ் டோனரும் 1978இல் வேறு வழியில் போனார்கள். சர்க்கரை எது என்பதை விட்டுவிட்டு, எந்தச் செடியில் உருவானது என்று பார்த்தார்கள். கார்பன் அணுக்களில் சுமார் 1.1 விழுக்காடு, நிறை எண் 13 கொண்டவை. பெரும்பாலான பூச்செடிகள் ஒளிச்சேர்க்கையில் இந்தக் கனமான கார்பனைக் கூடுதலாக ஒதுக்கிவிடுகின்றன. இவை சி3 வகை. கரும்பும் மக்காச்சோளமும் சி4 வகை. அவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. மாதிரியை எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் 44, 45 ஆகிய நிறைகளின் விகிதம் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். அனைத்துலக நியமத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்று குறித்தால், தேனின் சராசரி −25.4, கரும்புச் சர்க்கரையும் மக்காச்சோளப் பாகும் −10 முதல் −12 வரை.

தேனுக்குத் தேன் இந்த எண் மாறும் என்பதால் சிறிதளவு கலப்படம் தப்பியது. அதே தேனிலுள்ள புரதத்தைப் பிரித்தெடுத்து உள்நியமமாக வைத்தது அதற்குக் கண்ட தீர்வு. இத்துறையில் இதைவிட அழகான யோசனையை நான் அறியேன். பாகில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. எவ்வளவு பாகு ஊற்றினாலும் புரதத்தின் எண் நகராது, தேனின் எண் மட்டுமே நகரும். இரண்டுக்கும் இடைவெளி 1 அலகைத் தொட்டால் ஏறத்தாழ 7 விழுக்காடு சி4 சர்க்கரை கலந்திருக்கிறது என்று பொருள்.

நெல் சி3 வகைப் பயிர். இந்த ஒரு செய்தி போதும், மேற்சொன்ன அரண் முழுவதையும் சுற்றிப் போய்விட. கணக்கிட்டுப் பார்ப்போம். −25.4 உள்ள தேனில் கால் பங்கு கரும்புப் பாகு (−11 எனக் கொள்வோம்) சேர்ந்தால் எண் −21.8க்கு வந்துவிடும்; எந்த ஆய்வகமும் பிடித்துவிடும். அதே அளவு அரிசிப் பாகு (−27 என்போம்) சேர்ந்தால் −25.8. நகர்வு 0.4 மட்டுமே, அதுவும் எதிர்த்திசையில். கொஞ்சம் கரும்புச் சர்க்கரையையும் கூடவே கலந்தால் ஒன்று மற்றொன்றை மறைக்கும்! 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு இதை நடைமுறையில் காட்டியது: தெரிந்தே 25, 50 விழுக்காடு பாகு கலந்த மாதிரிகள் இந்தியச் சோதனைகளில் தேறின. கடைகளில் வாங்கிய 13 வணிகப் பெயர்களின் தேனை ஜெர்மனியில் என்.எம்.ஆர். எனப்படும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையும் சேர்த்துப் பார்த்தபோது, 3 மட்டுமே எல்லாவற்றிலும் தேறின.

உடனே எழுந்த எதிர்வாதம், ஜெர்மன் தரவுத்தளத்தில் இந்தியத் தேன்களுக்குப் போதிய இடமில்லை என்பது. வணிக நலன் கருதிச் சொல்லப்பட்டது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. என்.எம்.ஆர். நிறமாலையில் தெரியும் நூற்றுக்கணக்கான குறிகளைக் கருவி ஏற்கெனவே சேமித்த தேன்களோடு புள்ளியியல் முறையில் ஒப்பிடுகிறது. அந்தச் சேமிப்பு முதன்மையாக ஐரோப்பியத் தேனீயின் தேனால் ஆனது என்றால், நீலகிரிப் பாறைகளில் குறும்பர்கள் எடுக்கும் மலைத்தேன் அந்நியமாகத் தோன்றலாம். கொசுத்தேனீயின் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை கணிசமாக உண்டு; அதைப் பார்த்திராத தரவுத்தளம் ஐயப்படுவது இயல்பு. ஆனால் இந்த வாதத்தின் வீச்சு இவ்வளவுதான். தரவுத்தளத்தில் இல்லாத தேன் விலகித் தெரிவது வேறு, பாகுக்கே உரிய குறிகள் தேனில் தெரிவது வேறு. முன்னதற்குத்தான் எதிர்வாதம் பொருந்தும். முறையையே தள்ளிவிடுவதற்கு அது காரணமாகாது. இந்தியத் தேன்களின் நிறமாலைகளை இங்கேயே திரட்ட வேண்டும் என்பதற்கு நல்ல காரணம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020 ஆகஸ்டிலிருந்து என்.எம்.ஆர். சோதனையை வேண்டிய நாடு, அதே ஆண்டு உள்ளூர் நுகர்வோருக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சான்றிதழின் வடிவத்தை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். 'தேறியது' என்ற சொல்லுக்குப் பதில், எந்தப் பாகு, எந்த விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இச்சோதனை கண்டிருக்கும் என்று எழுதப்பட வேண்டும். எதைக் காண இயலாது என்பதும் அதே தாளில் வர வேண்டும். என்.எம்.ஆர். முடிவு என்றால், ஒப்பிட்ட தரவுத்தளத்தில் அந்த மலர், அந்தத் தேனீ, அந்த வட்டாரம் சார்ந்த மாதிரிகள் எத்தனை என்பதும் வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் தரவுத்தளம் ஒரு கருவி நிறுவனத்தின் தனிச்சொத்து. அதன் முடிவை மறுப்பவரோ ஏற்பவரோ உள்ளே பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. பொதுப்பணத்தில் உருவாகும் இந்தியத் தொகுப்பு, மூல நிறமாலைகளோடு எவரும் திறந்து பார்க்கும்படி அமைய வேண்டும்.