நீர் எப்போது குழம்புகிறது? - 128 வருடக் கேள்வி

தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் நீர் கண்ணாடிக் கம்பி மாதிரி விழும். இன்னும் கொஞ்சம் திருகினால் சலசலவென்று கலைந்து கொட்டும். முதலாவது சீரான ஓட்டம், இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம். ஒரு குழாய்க்குள் முதலாவது இரண்டாவதாக மாறுவது சரியாக எப்போது? கேட்க ரொம்ப சிம்பிள். பதில் கிடைக்க 128 வருடம் ஆனது!

கேள்வியை முறையாகச் சோதித்தவர் ஆஸ்பார்ன் ரேனால்ட்ஸ். 1842-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1868 முதல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். கண்ணாடிச் சுவர் வைத்த நீர்த்தொட்டி, அதற்குள் கிடையாக ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் வாய் நாதஸ்வரத்தின் அடிப்பாகம் போல விரிந்திருக்கும். அந்த வாயில் மெல்லிய சாய இழை ஒன்றை விட்டார்.

நீர் மெதுவாக ஓடும்போது சாயம் நேர்கோடாக நின்றது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் கோடு உடைந்து குழாய் முழுக்க நிறம் பரவியது. மின்பொறி வெளிச்சத்தில் பார்த்தால், அந்த நிறக் கலங்கல் எல்லாம் சின்னச் சின்னச் சுழல்கள்!

வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, திரவத்தின் பிசுபிசுப்பைக் குறிக்கும் அளவால் (இயக்கப் பாகுநிலை) வகுத்தால் அலகே இல்லாத ஓர் எண் வரும். மாற்றத்தைத் தீர்மானிப்பது இந்த எண்தான் என்று 1883-ல் ரேனால்ட்ஸ் எழுதினார். 1908-ல் சோமர்ஃபெல்ட் அதற்கு 'ரேனால்ட்ஸ் எண்' என்று பெயர் வைத்தார்.

சிக்கல் இங்கேதான். தொட்டி நீரை மணிக்கணக்கில் அசையாமல் விட்டுச் சோதித்தால் இந்த எண் 13,000-ஐ நெருங்கும் வரை ஓட்டம் சீராகவே இருந்தது. ஏற்கெனவே கலங்கிய நீரைக் குழாயில் விட்டு அழுத்த இழப்பை அளந்தாலோ, சுமார் 2,000-க்கு மேலேயே கொந்தளிப்பு நிலைத்தது. எது சரி? மான்செஸ்டரில் இன்றும் பாதுகாக்கப்படும் அதே கருவியில் பிற்காலத்தில் சோதித்தபோது, தெருப் போக்குவரத்தின் அதிர்வால் 13,000-க்கு முன்பே கோடு உடைந்தது. ஆக, தொந்தரவு எவ்வளவு என்பதைப் பொறுத்து எண்ணும் மாறுகிறது. பாடப்புத்தகங்களும் 2,000 என்றும் 2,300 என்றும் ஆளுக்கொன்று சொல்லின.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. சீரான ஓட்டத்தில் வேகம் இரட்டித்தால் அழுத்த இழப்பும் இரட்டிக்கும். கொந்தளிப்பில் அது மூன்று மடங்கைத் தாண்டும். எண்ணெயைக் குழாய் வழியே தள்ளும் பம்ப் செலவு இதில்தான் இருக்கிறது.

முடிச்சு அவிழ்ந்தது 2011-ல். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பியோர்ன் ஹோஃப் குழுவினர் நீண்ட, மெல்லிய குழாய்களில் தனித்தனிக் கொந்தளிப்புத் திட்டுகளைப் பின்தொடர்ந்தனர். ஒரு திட்டு திடீரென மறையும், அல்லது இரண்டாகப் பிரியும். எப்போது என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது, சராசரிதான் சொல்லலாம். ஒரு கடை வணிகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூடப்படும் கடைகளைவிடப் புதிதாகத் திறக்கும் கிளைகள் அதிகமானால் வணிகம் நிலைக்கும், இல்லையா? அந்தச் சமநிலை ரேனால்ட்ஸ் எண் சுமார் 2,040-ல் வருகிறது.

இத்தனை நாள் எல்லோரும் தேடியது கொந்தளிப்பு எப்போது பிறக்கிறது என்பதை. எப்போது முதல் அது சாகாமல் பெருகுகிறது என்று மாற்றிக் கேட்டபோது விடை வந்தது. இதில் ஒரு வேடிக்கை... விட்டு விட்டுத் தோன்றி மறையும் அந்தத் திட்டுகளை 1883-லேயே ரேனால்ட்ஸ் தன் குழாயில் பார்த்து எழுதி வைத்திருந்தார்!