எழுத்தில் இல்லாத கடன்

இடைக்காலப் பிரான்சின் நீதிமன்றங்களில் பத்திரத்தைவிடச் சாட்சிக்கே மதிப்பு அதிகம். எழுதத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்த நாட்டில் அது இயல்பே. கடனோ விற்பனையோ, நாலு பேர் முன்னிலையில் பேசி முடித்தால் போதும். ஆனால் வழக்குகள் பெருகியபோது இரு தரப்பும் சாட்சிகளைக் கூட்டி வந்து நிறுத்தின. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது, பொய்ச்சாட்சிக்கும் குறைவில்லை. 1566 பிப்ரவரியில் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் முலேன் நகரில் வெளியிட்ட அரசாணை இதற்கு அணை போட்டது. 100 லிவ்ருக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தமும் எழுத்தில் இருந்தாக வேண்டும். எழுதியதற்கு மேல் கூடுதலாக எதையும் சாட்சி வைத்து நிரூபிக்க முடியாது. பதினான்காம் லூயி 1667இல் கொண்டுவந்த உரிமையியல் நடைமுறை ஆணையும் இதே விதியை இதே தொகையோடு வைத்துக்கொண்டது.

1804 மார்ச் 21இல் சட்டமான உரிமையியல் சட்டத்தொகுப்பில் இது 1341ஆம் பிரிவாக இடம்பெற்றது. வரம்பு 150 பிராங்க். கிராமத்துக் கூலியாளுக்கு அது பல மாத உழைப்பு. சட்டத்தை ஏய்க்கும் வழிகளையும் தொகுப்பு அடைத்தது. 150க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டவர், சாட்சியை அழைப்பதற்காகப் பிறகு தொகையைக் குறைத்துக்கொள்ள முடியாது. சிறு சிறு கைமாற்றுகள் சேர்ந்து வரம்பைத் தாண்டினாலும் எழுத்து வேண்டும். எழுத்துச் சான்று முழுமையாக இல்லாத கோரிக்கைகளையெல்லாம் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். விடுபட்டதற்காக மறுபடி சாட்சியோடு வர முடியாது.

நோட்டரி முன் எழுதாமல் தாங்களே எழுதிக்கொள்பவர்களுக்கும் முறைகள் இருந்தன. இரு தரப்புக்கும் பொறுப்பு உள்ள ஒப்பந்தம் என்றால் ஆளுக்கொரு மூலப்பிரதி வேண்டும்; எத்தனை பிரதி எழுதப்பட்டது என்பதை ஒவ்வொன்றிலும் குறிக்க வேண்டும். கடன் பத்திரத்தைப் பிறர் எழுதியிருந்தால், கடன் வாங்குபவர் கையெழுத்துக்கு மேல் தொகையைத் தன் கையாலேயே எழுத்தால் எழுத வேண்டும். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்துக்கு மேல் கடனை எழுதிக்கொள்ளும் மோசடியைத் தடுக்க 1733இல் வந்த அரச அறிவிப்பே இதன் மூலம்.

இந்த விதியிலிருந்து வணிகர், கைவினைஞர், உழவர், திராட்சைத் தோட்டக்காரர், தினக்கூலிகள், வேலைக்காரர்கள் ஆகியோருக்கு 1326ஆம் பிரிவு விலக்கு அளித்தது. வணிகருக்கு வேகம் வேண்டும். மற்றவர்களில் பலருக்குப் பெயரைக் கிறுக்குவதற்கு மேல் எழுதத் தெரியாது. திருமணப் பதிவேடுகளை ஆராய்ந்த மகியோலோவின் கணக்குப்படி, 1786–1790இல் மணமகன்களில் 47 சதவீதம் பேரும் மணமகள்களில் 27 சதவீதம் பேருமே கையெழுத்திட்டனர். ஆகவே விலக்குக்குக் காரணம் உண்டு. என்றாலும் எழுதியதைப் படிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டது. அவருக்கே அது கிடைக்கவில்லை. விலக்கு நீங்கியது 1980இல்.

எழுத்து இல்லாதவர் முற்றிலும் கைவிடப்பட்டவர் அல்லர். எதிராளி எழுதிய ஒரு கடிதம் கடன் இருந்திருக்கலாம் என்று காட்டினால், அதைத் தொடக்கச் சான்றாகக் கொண்டு சாட்சிகளை அழைக்கலாம். தீவிபத்து, கலவரம், கப்பல் சேதம் போன்ற நேரங்களில் அவசரமாக ஒப்படைத்த பொருளுக்கும், விடுதியில் பயணி வைத்த மூட்டைக்கும் ரசீது கேட்க முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. தாயும் மகனும் போன்ற நெருங்கிய உறவுகளில் பத்திரம் கேட்பது மனத்தளவில் இயலாத காரியம் என்று நீதிமன்றங்கள் பின்னர் சேர்த்துக்கொண்டன. மனித வாழ்வை அறிந்த தீர்ப்புகள் அவை. எதுவும் இல்லையென்றால் கடைசி வழி சத்தியம். கடன் கொடுத்தவர் எதிராளியைச் சத்தியம் செய்யச் சொல்லலாம். அவர் மறுத்து, சத்தியத்தைக் கேட்டவர் பக்கமே திருப்பாமலும் விட்டால் தோற்றுப்போவார். சத்தியம் செய்துவிட்டாலோ வழக்கு முடிந்தது. அது பொய் என்று பிறகு நிரூபிக்க வழக்காடியவருக்கு வழியில்லை.

தொகுப்பின் மிகப் பெரிய அநீதி 1781ஆம் பிரிவில் இருந்தது. பேசிய சம்பளம் எவ்வளவு, கடந்த ஆண்டுச் சம்பளம் கொடுக்கப்பட்டதா, நடப்பாண்டுக்கு முன்பணம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளிலும் எசமானர் உறுதியாகச் சொன்னால் அதுவே உண்மை. எல்லாரிடமும் எழுத்தைக் கேட்ட சட்டம், வீட்டு வேலைக்காரருக்கும் கூலிக்கும் எதிராக எசமானரின் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டது. புரட்சி அறிவித்த சமத்துவத்துக்கு இது நேர் எதிர். எழுத்து வழக்கமில்லாத கூலி உறவில் முடிவு காண ஒரு வழி வேண்டும் என்று சிலர் இதற்கு நியாயம் சொன்னார்கள். ஆனால் அந்த வழி ஏன் எப்போதும் ஒரு பக்கமே சாய வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. 1868 ஆகஸ்ட் 2இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. அறுபத்து நான்கு ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது.

150 பிராங்க் வரம்பு 1928 வரை மாறவில்லை. அவ்வாண்டு 500 ஆயிற்று. பணமதிப்பு சரியச் சரிய வரம்பும் ஏறியது. 2000 மார்ச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் காகிதத்துக்கு நிகரான சான்று மதிப்பைக் கொடுத்தது. 2016இல் ஒப்பந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது பழைய 1341ஆம் பிரிவு 1359ஆம் பிரிவானது. இப்போதைய வரம்பு 1,500 யூரோ. அதற்கு மேற்பட்ட கடனை எழுதிக்கொள்ளாமல் கொடுத்தவர், விதிவிலக்கு எதிலும் அடங்காவிட்டால், எத்தனை சாட்சிகளை நிறுத்தினாலும் பயனில்லை.