கருப்பை இழந்தவளின் பின்கதை

வைத்திய வரலாறு பெரும்பாலும் கத்தி பிடித்த கையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அக்கத்திக்கு உடலைக் கொடுத்தவர் பின்னர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அது அரிதாகவே வினவுகின்றது.

1813இல் ஜேர்மனியின் கெட்டிங்கன் நகரில், கொன்ராட் லாங்கென்பெக் என்னும் சத்திரவைத்தியர் 50 வயதுப் பெண்ணொருத்தியின் கருப்பையை யோனிவழியாக அகற்றினார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. ஈதர் வழக்கிற்கு வந்தது 1846இல்தான். உதவிக்கு வந்தவரோ வாதநோயால் இருக்கை விட்டு எழமாட்டாதவர். குருதி பெருகவே, ஒரு கையால் அதனைத் தடுத்து, நூலின் முனையைப் பற்களாற் கடித்திழுத்து முடிச்சிட்டார் வைத்தியர். அப்பெண் பிழைத்தாள். ஆயினும் சகவைத்தியர்கள் நம்ப மறுத்தனர். அகற்றிய உறுப்பு தொலைந்துபோயிற்று. உதவியாளரும் விரைவில் இறந்தார். 1839இல் அவள் முதுமையுற்று மறைந்தபின், பிரேத பரிசோதனையே உண்மையை நிலைநாட்டியது. வைத்தியரின் நாணயம் மீண்டது.

இடையில் 26 ஆண்டுகள்! அவ்வாண்டுகளில் அவள் பட்ட பாடு யாதென்பது விவாதப் பொருளாகவில்லை. அவளுடல் வைத்தியருக்குச் சான்றாயிற்று, அவ்வளவே.

இன்று நாம் கூடுதலாக அறிவோம். கருப்பை அகற்றப்பட்ட பெண்களிற் சிலருக்கு, வயது ஏறும்போது சிறுநீரை அடக்கமுடியாமை தோன்றலாம். தாங்குதசைகள் தளர்ந்து யோனி கீழிறங்கலாம். மாதவிடாய் நிற்குமுன்னரே சூலகங்களும் நீக்கப்படின், என்புகள் நலிவதற்கும் இதயநோய்க்கும் வாய்ப்பு மிகும். புற்றுநோய் முதலியவற்றில் இச்சிகிச்சை உயிர் காக்கின்றது. ஆதலின் அதனைப் பழிப்பது அறிவன்று. விளைவுகளை விளக்காமல், மாற்றுவழிகளைச் சொல்லாமல் வெட்டுவதே பழிக்கத்தக்கது.

இது பழங்கதையன்று. மகாராட்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுள், 10 ஆண்டுகளில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தமையை 2019இல் அரசு அமைத்த குழு கண்டது. அவர்களிற் பலர் 40 வயதைக் காணாதவர்கள். அங்கே ஒருநாள் வேலை தவறினால், ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் செலுத்தவேண்டும். வயலோரக் கூடாரத்தில் மலசலகூடமில்லை, மாதவிடாய்க்கு ஓய்வுமில்லை. வலியென்று தனியார் வைத்தியசாலைக்குப் போனால், புற்றுநோய் வருமென்ற அச்சமே மருந்தாகக் கிடைத்தது.

லாங்கென்பெக்கின் காலத்தில் அறிவு குறைவாயிருந்தது. பீட் மாவட்டத்தில் அறிவுக்குக் குறைவில்லை. உழைப்பவளுக்குக் கூலியுடன் ஓய்வுதான் இல்லை. நாளை இப்பெண்களும் முதுமை எய்துவர். அவர்களது நலத்தை வினவுதற்குப் பிரேத பரிசோதனை வரை காத்திருத்தல் ஆகாது.