சென்னையில் எச்.ஐ.வி

எச்.ஐ.வி என்பது மனிதரின் நோயெதிர்ப்புத் திறனைக் குறைக்கும் ஒரு தீநுண்மம் ஆகும். இது குருதியிலுள்ள சிடி4 வெள்ளணுக்களைத் தாக்கி அழிக்கிறது. மருத்துவம் பெறாவிடில், பல ஆண்டுகளுக்குப் பின் ஏற்படும் முற்றிய நிலையே எய்ட்ஸ் எனப்படும். எனவே எச்.ஐ.வி உள்ள அனைவரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர். இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது.

வரலாறு

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இவ்வாய்வை மேற்கொண்டனர். மும்பை போன்ற நகரங்களில்தான் இந்நோய் இருக்கும், மரபைப் போற்றும் சென்னையில் இராது என்பதே அன்றைய பொதுக்கருத்து. நிர்மலா திரட்டிய பாலியல் தொழிலாளர்களின் குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. அன்றைய மாநில சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பல மருத்துவமனைகள் இந்நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கிய நிலையில், 1993 இல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தை நிறுவினார். இது தியாகராய நகரிலும், பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்திலும் இயங்கியது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994 இல் தொடங்கப்பட்டது.

பரவும் வழிகளும் தடுப்பும்

பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, பிறர் பயன்படுத்திய ஊசி ஆகியவற்றின் வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் இது பரவுகிறது. கைகுலுக்குதல், உடன் உண்ணுதல், கழிப்பறையைப் பகிர்தல், கொசுக்கடி ஆகியவற்றால் பரவுவதில்லை.

ஆணுறையை முறையாகப் பயன்படுத்துதல் முதன்மையான தடுப்பு முறையாகும். தொற்று நேர்ந்திருக்கலாம் என ஐயுற்றால், 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. மருத்துவம் பெறாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை ஆகும். மருந்தால் இதனை 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைக்கலாம்.

மருத்துவம்

இத்தொற்றை முற்றிலும் நீக்கும் பொதுவான மருத்துவம் இல்லை. எனினும் நாள்தோறும் உட்கொள்ளும் கூட்டு மருந்துகள் தீநுண்மத்தின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. இந்திய அரசு 2004 முதல் இவற்றை இலவசமாக வழங்குகிறது. குருதியில் தீநுண்மம் கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்து, அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் சோதனையும் இலவசம். 1097 என்ற தொலைபேசி எண்ணிலும் தகவல் பெறலாம்.

சமூக ஒதுக்கலும் சட்டமும்

ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தால் பலர் சோதனைக்கு வரத் தயங்குகின்றனர். இதனால் மருத்துவம் தாமதமாகி, தொற்று மேலும் பரவுகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. ஒருவரின் ஒப்புதலின்றிச் சோதனை செய்வதும் அவரது தொற்று நிலையை வெளியிடுவதும் இச்சட்டப்படி பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளன.