கீழ்ப்படிதலை அளந்த சோதனை

1961ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம், நினைவாற்றல் ஆய்வு என விளம்பரம் செய்து ஆட்களை அழைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை கூறுந்தோறும் மின்னதிர்ச்சி கொடுக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அங்கிருந்தவர் நடித்தார். வந்தவர்கள் இதை அறியார்.

1963இல் வெளியான அறிக்கையின்படி, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் எனும் இறுதி விசைவரை சென்றனர். பலர் வியர்த்து நடுங்கினர்; தயங்கியோரிடமும் தொடருமாறே வற்புறுத்தப்பட்டது.

இம்முறையை 1964இல் டயானா பாம்ரிண்ட் கண்டித்தார். பொய் சொல்லிப் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா? நம்பி வந்தவரின் மனம் ஆய்வாளர் கையில் அமானிதமன்றோ?

அதே ஆய்வுத் தொடரின் மற்றொரு சோதனையில், உடனிருந்த இருவர் மறுத்து விலகியபோது, 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றனர். முதல் எண்ணோடு இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.